ஈஸ்ட்டை அரைத்துச் சாறெடுத்த மேதை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

ரொட்டி மாவை உப்பச் செய்வது ஈஸ்ட். திராட்சைச் சாற்றை மதுவாக்குவதும், சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்கிய பனஞ்சாற்றைக் கள்ளாக்குவதும் அதுவே. வெறுங்கண்ணுக்குப் புலப்படாத, ஒரே செல்லால் ஆன இந்தப் பூஞ்சை சில ஆயிரம் ஆண்டுகளாக மனிதனுக்கு உழைத்து வருகிறது. ஆனால் வேதியியல் அறிஞர்கள் இதனை ஆய்வக அலமாரியில் உள்ள மற்றப் பாட்டில்களைப் போல ஒரு வினைபொருளாக எடுத்துக் கையாளத் தொடங்கி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டே ஆகிறது. இடக்கை வலக்கை போல இரு வடிவங்களில் அமையக்கூடிய கரிமச் சேர்மங்களில், ஒரு வடிவத்தை மட்டும் மிகுதியாக ஆக்கித் தரும் வேலையை ஈஸ்ட் இன்று செய்கிறது. உயிருள்ள ஒன்றை வினையூக்கியாகக் கருதும் துணிவு வேதியியலுக்கு எங்கிருந்து வந்தது? இதற்கு விடை தேடிச் சென்றால் எட்வர்டு புக்னர் என்னும் ஜெர்மானியரின் வாசலில் போய் நிற்போம்.

நம் பாடநூலில் அவருக்கு ஒரே ஒரு வரிதான். 1897ஆம் ஆண்டில் சைமேஸ் என்னும் நொதியைக் கண்டறிந்தார் என்று அது சொல்லி முடித்துவிடும். அந்த வரி பொய்யன்று, ஆனால் போதாது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் அறுபது ஆண்டுச் சண்டை ஒன்று இருக்கிறது. ஓர் அண்ணனின் உழைப்பும் இருக்கிறது.

முதலில் அந்தச் சண்டையைச் சொல்லிவிடுகிறேன். 1830களின் பிற்பகுதியில் பிரான்சில் கானியார் தெ லாத்தூரும், ஜெர்மனியில் தியோடர் ஷ்வான், குட்சிங் ஆகியோரும் ஈஸ்ட் ஓர் உயிர் என்று தனித்தனியே கண்டு கூறினர். அன்றைய வேதியியல் உலகின் பெருந்தலைகளுக்கு இது பிடிக்கவில்லை. உயிரின் துணையின்றி ஆய்வகத்தில் யூரியாவை ஆக்கிக் காட்டிய வோலரும், அவருடைய நண்பர் லீபிக்கும் 1839இல் தங்கள் ஆய்விதழிலேயே பெயர் போடாமல் ஒரு கேலிக் கட்டுரை வெளியிட்டனர். ஈஸ்ட் என்பது வாலை போன்ற உருவம் கொண்ட குட்டி விலங்கு என்றும், அது ஒரு பக்கம் சர்க்கரையைத் தின்று மறுபக்கம் ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் கழிக்கிறது என்றும் அதில் நையாண்டி செய்திருந்தனர். அறிவியல் ஏடுகளிலும் இப்படியெல்லாம் நடந்திருக்கிறது என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

சிரித்தவர்கள் நெடுநாள் சிரிக்க முடியவில்லை. 1857 முதல் லூயி பாஸ்டர் அடுக்கடுக்காகச் சோதனைகள் செய்து, ஈஸ்ட் உயிருள்ளது, அது வாழும் செயலோடு பிணைந்ததே நொதித்தல் என்று நிறுவினார். லீபிக் கடைசிவரை ஒப்பவில்லை, 1873இல் இறந்தார். இதற்கிடையில் மோரிட்ஸ் டிராபே என்பவர் 1858இலேயே நொதித்தலைச் செய்வது செல்லினுள் இருக்கும் புரதம் போன்ற ஒரு பொருள் என்று கருத்துரைத்தார். ஆனால் அந்தப் பொருளைக் கையில் எடுத்துக் காட்ட எவராலும் முடியவில்லை. பாஸ்டரே ஈஸ்ட்டை உடைத்துப் பார்த்தும் பயனில்லை. ஆகவே சர்க்கரை ஆல்கஹாலாக மாறும் வினைக்கு உயிர் என்னும் ஏதோ ஒரு சக்தி தேவை, அதை வேதியியலால் எட்ட முடியாது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. இஃது ஈஸ்ட்டைப் பற்றிய வழக்கு மட்டுமன்று. உயிரினுள் நடப்பது வேதியியலா, வேதியியலுக்கு அப்பாற்பட்டதா என்னும் வழக்கு.

எட்வர்டு புக்னர் 1860ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பிறந்தார். தந்தை எர்ன்ஸ்ட் புக்னர் மருத்துவர். மியூனிக் பல்கலைக்கழகத்தில் சட்ட மருத்துவம் கற்பித்தவர். படித்த குடும்பந்தான். ஆயினும் எட்வர்டை வணிகத்தில் ஈடுபடுத்தும் எண்ணமே வீட்டில் இருந்தது. 1872இல் தந்தை காலமானார். சிறுவனுக்கு அப்போது பன்னிரண்டு வயதுதான். அவரைவிடப் பத்து வயது மூத்த அண்ணன் ஹான்ஸ் புக்னர் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, தம்பி கடைக்குப் போக வேண்டாம், படிக்கட்டும் என்று முடிவு செய்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் அண்ணன் பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு லாரிப் பட்டறையில் சேர்ந்ததால்தான் நான் இங்கே பியூரெட்டும் பிப்பெட்டுமாக நிற்கிறேன். எனவே ஹான்ஸைப் பற்றிய பக்கம் வந்தபோது அதைத் தாண்டிச் செல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

பள்ளிப்படிப்பு முடிந்து, பீரங்கிப் படையில் சிறிது காலம் பணியாற்றிய பின், எட்வர்டு மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் வேதியியல் பயிலச் சேர்ந்தார். அங்கே அவர் நுழைந்தது எமில் எர்லன்மேயரின் ஆய்வகம். நாம் நாள்தோறும் டைட்ரேஷனுக்குப் பயன்படுத்தும் கூம்புக் குடுவையை வடிவமைத்தவர் அவரே. ஆனால் படிப்பு நீடிக்கவில்லை. பணமுடை. எட்வர்டு வேதியியலை விட்டுவிட்டுப் பழங்களையும் காய்கறிகளையும் பதப்படுத்தி டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் மியூனிக்கில், பிறகு மொம்பாக் என்னும் ஊரில். இருபது வயதைத் தாண்டிய ஆண்டுகள் அப்படிக் கழிந்தன. அந்தத் தொழிற்சாலையில் கண்ட ஒன்று பின்னாளில் அவருக்குக் கைகொடுத்ததோ என்று எண்ண இடமிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

1884இல் அண்ணனின் உதவியால் மீண்டும் படிப்பைத் தொடங்கினார். இம்முறை ஆசிரியர் அடால்ஃப் வான் பேயர். அவுரிச் சாயமாகிய இண்டிகோவை ஆய்வகத்தில் தொகுத்த பேரறிஞர். கூடவே தாவரவியல் அறிஞர் நேகெலியின் நிறுவனத்தில், அண்ணன் ஹான்ஸின் மேற்பார்வையில் நொதித்தல் பற்றியும் ஆராய்ந்தார். ஹான்ஸ் அப்போது நுண்ணுயிர் ஆராய்ச்சியாளராக வளர்ந்து வந்தார். 1885இல் எட்வர்டின் முதல் கட்டுரை வெளிவந்தது. ஆக்சிஜன் இல்லாத நிலை நொதித்தலுக்குக் கட்டாயத் தேவை என்பதற்கில்லை என்று பாஸ்டரின் கருத்துக்கு மாறாக அதில் காட்டியிருந்தார். இந்தக் காலத்தில் மூன்றாண்டுகள் கிடைத்த லாமான்ட் உதவித்தொகை அவரது படிப்பைக் காப்பாற்றியது. 1888இல் முனைவர் பட்டம் பெற்றார், 1891இல் விரிவுரையாளரானார். நொதித்தல் ஆராய்ச்சிக்கென ஒரு சிறு ஆய்வகம் அமைத்துக்கொள்ள பேயர் பணம் ஒதுக்கித் தந்தார்.

ஈஸ்ட் செல்லை உடைக்கும் முயற்சியை புக்னர் 1893 வாக்கிலேயே தொடங்கிவிட்டார். ஈஸ்ட் செல்லின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு அளவே. அதைச் சுற்றிக் கெட்டியான சுவர். அதை உடைக்க அவர் தேர்ந்த வழி எளியது: மணலைச் சேர்த்து அரைப்பது. ஆனால் ஆய்வக நிர்வாகத்தினர் இதற்கு ஆதரவு தரவில்லை. ஈஸ்ட்டை முன்பே பலர் உடைத்துப் பார்த்தாயிற்று, புதிதாக ஒன்றும் வரப்போவதில்லை என்பது அவர்கள் கருத்து. வேலை நின்றது. புக்னர் கீல் நகருக்கும், 1896இல் டூபிங்கன் பல்கலைக்கழகத்திற்கும் ஆசிரியப் பணிக்குச் சென்றுவிட்டார். மூன்று ஆண்டுகள் அந்த எண்ணம் கிடப்பில் கிடந்தது.

அதை மீண்டும் எழுப்பியவர் அண்ணன்தான். ஹான்ஸ் இதற்குள் மியூனிக்கில் சுகாதாரவியல் பேராசிரியராகிவிட்டார். நுண்ணுயிர்களின் உட்பொருளான புரதங்களைச் சிதையாமல் வெளியே எடுத்தால் அவை நோய்க்கு மருந்தாகலாம் என்று அவர் நம்பினார். எனவே தம்பியின் மணல் அரைப்பு முறை அவருக்குத் தேவைப்பட்டது. ஹான்ஸின் உதவியாளர் மார்ட்டின் ஹான், மணலோடு கீசல்கர் என்னும் டயாட்டம் மண்ணையும் சேர்த்து அரைத்து, பின் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பிழியும் வழியை வகுத்தார். இங்கேதான் அரைப்பு வேலை கூடி வந்தது. மணல் செல்லின் சுவரைக் கிழிக்கிறது. கீசல்கர் கசியும் நீரை உறிஞ்சிக்கொள்வதால் கலவை வழுக்கி ஓடாமல் பிசைந்த மாவுபோல் திரள்கிறது.

செய்முறையை அப்படியே தருகிறேன். வேதியியல் மாணவர்களுக்கு இதைவிடச் சுவையானது வேறில்லை. மதுவடிப்பு ஆலையிலிருந்து வந்த ஈஸ்ட் 1000 கிராம், குவார்ட்ஸ் மணல் 1000 கிராம், கீசல்கர் 250 கிராம். மூன்றையும் ஈரப்பசையோடு குழையும் வரை அரைக்க வேண்டும். பின் 100 கிராம் தண்ணீர் சேர்த்து, துணியில் பொதிந்து, பிரஸ்ஸில் வைத்து 400 முதல் 500 வளிமண்டலம் வரை அழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். 500 வளிமண்டலம் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் அரை டன் எடை ஏறி உட்கார்ந்ததற்குச் சமம். பிழிந்த சக்கையை மீண்டும் அரைத்துத் தண்ணீர் விட்டு இரண்டாம் முறையும் பிழிய வேண்டும். ஒரு கிலோ ஈஸ்ட்டுக்கு மொத்தம் 500 கன சென்டிமீட்டர் சாறு வரும். தெளிந்த, இளமஞ்சள் நிறமான, ஈஸ்ட்டின் மணம் வீசும் சாறு.

சாறு வந்ததே தவிர அது நிற்கவில்லை. விரைவில் கெட்டுப்போயிற்று. விலங்குகளுக்கு ஊசி வழியாகச் செலுத்த வேண்டிய பொருள் என்பதால் நச்சு மருந்துகளைப் போட்டுக் காக்கவும் வழியில்லை. அப்போதுதான் சர்க்கரையைச் சேர்க்கும் எண்ணம் வந்தது. பழக்கூழ் கெடாமலிருக்கச் சர்க்கரையை அடர்த்தியாகப் போடுவது எந்தச் சமையலறைக்கும் தெரிந்த முறை; நாம் ஊறுகாய்க்கு உப்புப் போடுவதும் இதே தத்துவந்தான். பதப்படுத்தும் தொழிற்சாலையில் உழைத்த ஒருவருக்கு இது கைப்பழக்கமாகவே இருந்திருக்கும்.

1896ஆம் ஆண்டு இலையுதிர் காலம். விடுமுறைக்காக டூபிங்கனிலிருந்து மியூனிக் வந்திருந்த எட்வர்டு, சர்க்கரை கலந்த அந்தச் சாற்றில் குமிழிகள் எழுவதைக் கண்டார். வேறொருவராயிருந்தால் சாறு கெட்டுவிட்டது என்று கொட்டியிருக்கக்கூடும். புக்னர் பத்தாண்டுகளுக்கு மேலாக நொதித்தலைப் பற்றியே சிந்தித்து வந்தவர். அவர் கண்ணில் அது கரியமில வாயு. செல் ஒன்றுகூட இல்லாத சாறு சர்க்கரையைப் புளிக்க வைத்துக்கொண்டிருந்தது!

இந்தக் கண்டுபிடிப்பைத் தற்செயல் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சர்க்கரையைப் போட்டது வேறு நோக்கத்திற்காக என்பது உண்மைதான். ஆனால் 1893இல் மணலை வைத்து அரைத்துப் பார்த்தவர், 1885இல் நொதித்தலைப் பற்றி எழுதியவர் அந்தக் குடுவையின் முன் நின்றார் என்பது தற்செயலன்று.

டூபிங்கன் திரும்பிய புக்னர் உடனே சோதனைகளில் இறங்கினார். சாற்றையும் அதே அளவு அடர்ந்த கரும்புச் சர்க்கரைக் கரைசலையும் கலந்தால், கால் மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் கரியமில வாயு சீராக வெளிப்படத் தொடங்கி நாள்கணக்கில் நீடித்தது. ஆல்கஹாலும் உண்டாயிற்று. குளோரோஃபார்ம் சேர்த்த பின்னும் வினை நிற்கவில்லை. நுண்ணுயிர்களைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியில் வடித்த பின்னும் நடந்தது. இன்னும் நுட்பமான சோதனை ஒன்று. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், மால்டோஸ், கரும்புச் சர்க்கரை ஆகியவற்றை ஈஸ்ட் சாறு நொதிக்கச் செய்தது. பால் சர்க்கரையாகிய லாக்டோசையும் மானிட்டாலையும் தொடவில்லை. உயிருள்ள மதுவடிப்பு ஈஸ்ட்டும் இதே பொருள்களைத்தான் ஏற்கும், இதே பொருள்களைத்தான் தள்ளும். அதாவது ஈஸ்ட்டின் தேர்ந்தெடுக்கும் குணம் முழுவதும் செல்லைவிட்டுச் சாற்றோடு வெளியே வந்துவிட்டது. இந்தக் குணந்தான் பின்னாளில் கரிமத் தொகுப்புக்குப் பயன்பட்டது என்பதால் இதனை அழுத்திச் சொல்கிறேன்.

1897 ஜனவரி 9ஆம் நாள் ஜெர்மன் வேதியியல் கழகத்தின் இதழுக்கு அவர் தம் கட்டுரையை அனுப்பினார். ஈஸ்ட் செல்கள் இல்லாமல் ஆல்கஹால் நொதித்தல் என்பது அதன் தலைப்பு. எட்டே பக்கங்கள். சாற்றில் இருந்த வினைபுரியும் பொருளுக்கு சைமேஸ் என்று பெயரிட்டார். பாஸ்டர் இதைக் காண உயிரோடில்லை, 1895இல் மறைந்துவிட்டார்.

எதிர்ப்பு எழாமல் இருக்குமா? சாற்றில் மிதப்பது உயிருள்ள செல்லின் துணுக்குகளே, அவைதான் வேலை செய்கின்றன என்றனர் சிலர். வேறு சிலர் அதே சோதனையைச் செய்து பார்த்து வரவில்லை என்றனர். ரஷ்ய ஆராய்ச்சியாளர் மரியா மனசேயினா அம்மையார், 1871இலேயே தாம் இதைக் காட்டிவிட்டதாக உரிமை கோரினார். அவர் ஈஸ்ட்டைச் சூடேற்றிக் கொன்று சோதித்தவர். செல்கள் முழுவதும் செத்துவிட்டன என்பதற்கு உறுதியில்லை என்பது புக்னரின் மறுப்பு. சான்றின் வலிமையைப் பார்த்தால் தீர்ப்பு புக்னர் பக்கமே சாயும். ஆயினும் இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் திசையில் கை நீட்டிய பெண் ஒருவர் இருந்தார் என்பதைப் பாடநூல்கள் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

1898இல் புக்னர் பெர்லின் வேளாண்மைக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியரானார். 1900இல் டூபிங்கன் கணிதப் பேராசிரியர் ஒருவரின் மகளான லோட்டே ஸ்டாலை மணந்தார். பெர்லினில் கழித்த ஆண்டுகள் பெரும்பாலும் எதிர்ப்பாளர்களுக்குப் பதில் சொல்வதிலேயே சென்றன. பேச்சால் அன்று, சோதனையால். அவற்றுள் மிகச் சிறந்தது அசிட்டோன் ஈஸ்ட். ஈஸ்ட்டை அசிட்டோனில் போட்டுக் கொன்று, உலர்த்திப் பொடியாக்கினார்கள். அந்தச் செல்கள் இனி வளரமாட்டா, பெருகமாட்டா. சர்க்கரைக் கரைசலில் இட்டால் மட்டும் நொதிக்க வைக்கும். செத்த ஈஸ்ட் வேலை செய்தது. சைமின் என்று பெயர் பெற்ற இந்தப் பொடியையே, பாட்டிலில் அடைத்து வைத்து வேண்டும்போது எடுத்துக்கொள்ளத்தக்க முதல் ஈஸ்ட் வினைபொருள் என்று நான் கருதுகிறேன்.

அண்ணன் ஹான்ஸ் 1902இல் மறைந்தார். அடுத்த ஆண்டு சைமேஸ் நொதித்தல் பற்றிய பெரிய நூல் வெளிவந்தபோது அதன் முகப்பில் எட்வர்டு புக்னர், ஹான்ஸ் புக்னர், மார்ட்டின் ஹான் என மூன்று பெயர்களும் இருந்தன. 1907இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வந்தபோது எட்வர்டின் பெயர் ஒன்றே இருந்தது. மறைந்தவருக்குப் பரிசு தரும் வழக்கம் இல்லை என்பதை அறிவேன். இருந்தும் அரைக்கும் முறை மூவரின் கூட்டு முயற்சி என்பதை மறக்கலாகாது. அந்த ஆண்டு ஸ்வீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்கர் டிசம்பர் 8ஆம் நாள் இறந்துவிட்டதால் பரிசளிப்பு விழாவே நடக்கவில்லை. புக்னர் தம் நோபல் உரையை மட்டும் 11ஆம் நாள் நிகழ்த்தினார்.

இங்கே ஒரு சிறு செய்தி. நம் ஆய்வகத்தில் வீழ்படிவை உறிஞ்சி வடிகட்டப் பயன்படும் பீங்கான் புனலை புக்னர் புனல் என்கிறோம். பலர் அது இவருடையது என்றே எண்ணுகின்றனர். அன்று. அது எர்ன்ஸ்ட் பூக்னர் என்னும் வேறொரு வேதியியலாளர் 1888இல் வெளியிட்டது. வாய்மொழித் தேர்வில் கேட்டால் விழித்துக்கொள்க!

சைமேஸ் ஒரே பொருளன்று என்பது விரைவில் தெரிந்தது. இங்கிலாந்தில் ஆர்தர் ஹார்டனும் யங்கும் 1905ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஈஸ்ட் சாற்றோடு பாஸ்பேட் சேர்த்தால் நொதித்தல் விரைவாவதையும், சாற்றைச் சவ்வின் வழியே பிரித்தால் வெப்பத்தைத் தாங்கும் ஒரு சிறு துணைப்பொருள் தனியே பிரிவதையும் கண்டனர். அந்தத் துணைப்பொருளும் பெரிய புரதமும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். துணை நொதி என்ற கருத்து இங்கே பிறந்தது. இன்று நாம் படிப்பதுபோல, குளுக்கோசிலிருந்து பைருவேட் வரை பத்துப் படிகள், அதன்பின் ஆல்கஹால் வரை இரண்டு படிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நொதி. புக்னரின் சைமேஸ் என்பது இந்தப் பன்னிரண்டின் கூட்டம். அவர் ஒரு நொதியைக் கண்டுபிடித்தார் என்பதைவிட, ஒரு தொழிற்சாலையையே இயந்திரங்கள் பழுதாகாமல் வெளியே தூக்கிவந்தார் என்பது பொருந்தும்.

புக்னர் 1909இல் பிரெஸ்லாவுக்கும், 1911இல் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திற்கும் மாறினார். 1914இல் முதல் உலகப்போர் மூண்டது. 54 வயதில், நோபல் பரிசு பெற்ற பேராசிரியர், தாமே முன்வந்து படையில் சேர்ந்தார். வெடிமருந்து ஏற்றிச் செல்லும் பிரிவொன்றின் தலைவராகி, மேஜர் பதவி வரை உயர்ந்தார். 1916இல் கற்பிப்பதற்காக ஊருக்கு அழைக்கப்பட்டார். அங்கேயே இருந்திருக்கலாம். 1917இல் மறுபடியும் போர்முனைக்குச் சென்றார். ருமேனியாவில் ஃபோக்ஷானி நகருக்கருகே குண்டுச் சிதறல் தாக்கி, ஆகஸ்டு 13ஆம் நாள் இறந்தார். அவருக்கு வயது 57. மூன்று பிள்ளைகளுக்குத் தந்தை. நாட்டுப்பற்று என்று இதைப் புகழ்வோர் புகழட்டும். வகுப்பறையில் இருக்க வேண்டியவரை ஒரு போர் விழுங்கியது என்றே எனக்குத் தோன்றுகிறது. அதே போரில் ஜெர்மனி கொழுப்புப் பற்றாக்குறையால் தவித்து, வெடிமருந்துக்கான கிளிசரினை ஈஸ்ட்டைக் கொண்டே ஆக்கியது என்பது இன்னொரு கொடுமை. நொதிக்கும் சர்க்கரையோடு சல்ஃபைட் உப்பைச் சேர்த்தால் ஈஸ்ட் ஆல்கஹாலைக் குறைத்துக் கிளிசரினை மிகுதியாக்கும். ஈஸ்ட்டின் வினையை மனிதன் தன் விருப்பத்திற்குத் திருப்பிவிட முடியும் என்பதற்குப் பெரிய அளவில் கிடைத்த சான்று வெடிகுண்டாக முடிந்தது.

சல்ஃபைட் வினையின் அடிப்படையை விளக்கியவர்களுள் முதன்மையானவர் பெர்லினில் இருந்த கார்ல் நியூபெர்க். புக்னர் மறைந்து நான்காண்டுகள் கழித்து, 1921இல், அவரும் ஹிர்ஷும் நொதித்துக்கொண்டிருக்கும் ஈஸ்ட்டில் பென்சால்டிஹைடை ஊற்றினர். பாதாம் மணம் வீசும் அந்தத் திரவம் ஈஸ்ட் தன் வாழ்நாளில் தேடிச் சென்று உண்ணும் பொருளன்று. ஆயினும் ஈஸ்ட் அதை ஏற்று, பைருவேட்டிலிருந்து வரும் இரண்டு கார்பன் துண்டொன்றை அதனுடன் இணைத்து, ஃபினைல் அசிட்டைல் கார்பினால் என்னும் புதிய சேர்மத்தை ஆக்கிக் கொடுத்தது. அதுவும் ஒளியைச் சுழற்றும் ஒரே வடிவமாக! இவ்வினையைச் செய்வது பைருவேட் டிகார்பாக்சிலேஸ் நொதி. நொதித்தலின் கடைசிக்கு முந்தைய படியை நடத்தும் அதே நொதி. 1930களின் தொடக்கத்தில் ஹில்டபிராண்ட், கிளாவேன் என்போர் இச்சேர்மத்தை மெத்தில் அமீனுடனும் ஹைட்ரஜனுடனும் வினைபடுத்தி எஃபிட்ரினாக மாற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். எஃபிட்ரின் அக்காலத்தில் ஆஸ்துமாவுக்குப் பெரிதும் பயன்பட்ட மருந்து. அதில் இரண்டு சீர்மையற்ற கார்பன்கள் இருப்பதால் நான்கு மாற்றியங்கள் உண்டு. அவற்றுள் வேண்டியது ஒன்று. வெறும் ஆய்வக வினைகளால் கலவையே கிடைக்கும். ஈஸ்ட் முதல் கார்பனைச் சரியாக நிறுத்திவிட்டால் அடுத்ததும் பெரிதும் அதைப் பின்பற்றி அமைந்துவிடுகிறது. நியூபெர்க் யூதர் என்பதால் நாஜி ஆட்சியில் பதவி இழந்து, நாடு நீங்கி, 1956இல் நியூயார்க்கில் காலமானார்.

இப்போது ஒரு கேள்வி எழும். செல் தேவையில்லை என்றல்லவா புக்னர் காட்டினார்? பிறகு ஏன் வேதியியலாளர்கள் முழுச் செல்லையே குடுவையில் போடுகிறார்கள்? விடை துணை நொதியில் இருக்கிறது. ஒரு கீட்டோனை ஆல்கஹாலாக ஒடுக்க, நொதிக்கு என்.ஏ.டி.பி.எச். என்னும் துணைப்பொருள் ஹைட்ரஜனைத் தர வேண்டும். சாற்றை மட்டும் எடுத்தால் அந்த விலையுயர்ந்த பொருளையும் நாமே வாங்கிப் போட வேண்டும். ஒருமுறை தந்ததும் அது தீர்ந்துவிடும். உயிருள்ள செல்லோ சர்க்கரையைத் தின்று அதனைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொள்ளும். சர்க்கரை மலிவு. ஆகவே செல்லை ஒரு பையாக, நொதிகளும் துணை நொதிகளும் சரியான அளவில் நிரம்பிய பையாகப் பயன்படுத்துகிறார்கள். உள்ளே இருப்பது மாயசக்தி அன்று, நொதிகளே என்று 1897இல் தெளிவான பிறகுதான் இப்படி எண்ண முடிந்தது.

இதற்கு எடுத்துக்காட்டாக 1985இல் டீட்டர் ஸீபாக் குழுவினர் வெளியிட்ட செய்முறை ஒன்று உண்டு. 1.6 லிட்டர் குழாய்த் தண்ணீர், 300 கிராம் சர்க்கரை, 200 கிராம் ரொட்டி ஈஸ்ட். 30 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்கிய பின் 20 கிராம் எத்தில் அசிட்டோஅசிட்டேட் சேர்க்க வேண்டும். ஒரு நாள் கழித்து மேலும் சர்க்கரை, மேலும் 20 கிராம். இரண்டு மூன்று நாள்களில் கீட்டோன் தொகுதி ஒடுக்கப்பட்டு எத்தில் 3-ஹைட்ராக்சிபியூட்டனோயேட் கிடைக்கும். சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்கினால் இரு வடிவங்களும் சரிபாதியான சுழிமாய்க் கலவையே வரும். ஈஸ்ட் எஸ் வடிவத்தைப் பெருமளவு மிகுதியாகத் தருகிறது. முற்றிலும் தூய்மையாக அன்று. ஏனெனில் ஈஸ்ட்டுக்குள் ஒடுக்கும் நொதி ஒன்றல்ல, பல. சில எஸ் வடிவத்தையும் சில ஆர் வடிவத்தையும் ஆக்கும். 1996இல் ஈஸ்ட்டின் மரபுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்டு, ஏறத்தாழ 6000 மரபணுக்கள் தெரியவந்த பின், வேண்டிய நொதிக்குரிய மரபணுவை மட்டும் பிரித்து பாக்டீரியாவில் ஏற்றி வளர்க்கும் வழி எளிதாயிற்று. மருந்துத் தொழிலில் அந்த முறையே இன்று ஓங்கியுள்ளது. ஆனால் மாணவர் ஆய்வகத்துக்கு ரொட்டிக் கடை ஈஸ்ட்டே போதும்.

அந்தச் செய்முறையின் கடைசிக் கட்டத்தில் ஈஸ்ட்டைப் பிரித்தெடுக்க வேண்டும். செல்கள் வடிதாளின் துளைகளை அடைத்துக்கொள்ளுமாதலால் செலைட் என்னும் பொடியைச் சேர்த்து வடிக்கச் சொல்கிறார்கள். செலைட் என்பது புக்னர் சகோதரர்கள் மணலோடு சேர்த்து அரைத்த அதே டயாட்டம் மண். வடிநீரில் உப்பைக் கரைத்து, ஈதரால் பிரித்து, காய்ச்சி வடித்தால் நிறமற்ற திரவம் வரும். இயற்பியல் செய்முறை வகுப்பில் சர்க்கரைக் கரைசலின் சுழற்சிக் கோணத்தை அளக்க நாம் பயன்படுத்தும் போலாரிமீட்டர் குழாயில் இதைக் குளோரோஃபார்மில் கரைத்து ஊற்றிப் பார்த்தால், ஒளித்தளம் வலப்புறம் திரும்புவதைக் கண்ணால் காணலாம்.